இல்லாத குழாய்



சென்ற இதழில் சிறுநீரகக் கல் பற்றி வெளியான கட்டுரைக்கு வந்த கடிதங்களில் ஒன்று, ஆசிரியர் குழுவில் கைமாறிக் கைமாறி என் மேசைக்கு வந்தது. தேனிப் பக்கத்திலிருந்து எட்டாம் வகுப்பு மாணவி எழுதியிருக்கிறாள். கோடு போட்ட நோட்டுத் தாளில் பென்சிலால் ஒரு படம். வாய், உணவுக்குழாய், இரைப்பை ஒரு பக்கம். சிறுநீரகமும் சிறுநீர்ப்பையும் இன்னொரு பக்கம். நடுவில் ஒரு புள்ளிக்கோடு, அதன் மேல் பெரிய கேள்விக்குறி. “குடிக்கிற தண்ணீர் எந்தக் குழாய் வழியாக இங்கிருந்து அங்கே போகிறது? புத்தகத்தில் சீரண மண்டலம் தனிப் படமாகவும் கழிவு நீக்க மண்டலம் தனிப் படமாகவும் இருக்கிறது. டீச்சரிடம் கேட்டதற்கு, அது வேற பாடம் என்றார்கள்.”

நம்மில் பெரும்பாலோர் அந்தப் புள்ளிக்கோட்டை மனசுக்குள் போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். குடித்த தண்ணீர் நேராகக் கீழே இறங்கி மூத்திரமாகிவிடுகிறது என்றுதான் நினைப்பு. உண்மையில் இரைப்பைக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவில் குழாய் எதுவும் கிடையாது. தண்ணீர் சிறுகுடலின் சுவரைத் தாண்டி ரத்தத்தில் கலக்கிறது. கல்லீரலுக்குப் போகிறது. அங்கிருந்து இதயத்தின் வலப்பக்கம், பிறகு நுரையீரல், திரும்ப இதயத்தின் இடப்பக்கம். அதற்கப்புறம்தான் சிறுநீரகம். ஆமாம், நுரையீரல் வழியாகத்தான். மூச்சுவிடுகிற உறுப்பைத் தொடாமல் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட சிறுநீராக முடியாது. பரீட்சைக்காக மூன்று பாடங்களாகப் பிரித்தது நாம். உடம்புக்கு அந்தப் பிரிவினை தெரியாது. இந்த மாதம் ஒரு மடக்குத் தண்ணீரின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

இரைப்பை தண்ணீரை அதிக நேரம் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. அங்கே உறிஞ்சப்படுவதும் மிகக் குறைவு. வெறும் வயிற்றில் குடித்தால் கொஞ்ச நேரத்திலேயே சிறுகுடலுக்குள் போய்விடும். தனியாக அடையாளம் காண முடிகிற கனநீர் கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து ரத்தத்தைச் சோதித்த ஆய்வில், ஐந்து நிமிடத்துக்குள் அது ரத்தத்தில் தென்பட்டுவிட்டது.

இரைப்பையைக் கடக்கும்போது ஒரு மனிதரைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின். கனடாவிலிருந்து வந்த பிரெஞ்சு வழித் தோணித் தொழிலாளி. மிருகத்தோல் வியாபாரக் கம்பெனிக்குச் சரக்கு ஏற்றி இறக்கியவர். 1822 ஜூன் 6 அன்று, அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் கம்பெனிக் கடைக்குள் தவறுதலாக வெடித்த துப்பாக்கி, கைக்கெட்டும் தூரத்திலிருந்து அவர் வயிற்றின் மேல்பகுதியைத் துளைத்துவிட்டது. பிழைக்க மாட்டார் என்றுதான் ராணுவ டாக்டர் வில்லியம் பியூமான்ட் நினைத்தார். பிழைத்தார். ஆனால் ஓட்டை மூடவே இல்லை. இரைப்பையின் ஓரம் தோலோடு ஒட்டி வெளியே திறந்தபடி நின்றுவிட்டது.

பியூமான்ட் அந்த ஓட்டையை ஜன்னலாக்கிக்கொண்டார். 1825 ஆகஸ்டில் இறைச்சித் துண்டு, ரொட்டி, கோஸ் இலை ஆகியவற்றைப் பட்டு நூலில் கட்டி உள்ளே இறக்கி, மணிக்கொரு தரம் இழுத்து எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்துச் சீசாவில் விட்டு உடம்புச் சூட்டிலேயே வைத்திருந்தால், அங்கேயும் இறைச்சி கரைந்தது. செரிமானம் வெறும் அரைப்பு வேலை இல்லை, ரசாயன வேலை என்பது இதில் உறுதியாயிற்று. அந்த ஆள் கோபத்தில் இருந்தால் செரிமானம் கெடுகிறது என்றும் குறித்து வைத்திருக்கிறார். 1833-ல் இதெல்லாம் புத்தகமாக வந்தது. இரைப்பை இயங்கும் விதத்தைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததற்கு அடித்தளம் அதுதான்.

செயின்ட் மார்ட்டின் ஏன் கோபப்பட்டார் என்பதையும் கேட்க வேண்டும் இல்லையா? டாக்டர் வீட்டில் விறகு வெட்டி, எடுபிடி வேலை செய்துகொண்டே சோதனைக்குப் படுத்துக்கொடுத்தவர் அவர். இடையில் ஊருக்குத் தப்பிப் போய்க் கல்யாணம் செய்துகொண்டார். குடும்பத்தோடு திரும்ப வரவழைக்கப்பட்டார். கைநாட்டு வைத்து ஒப்பந்தம்கூடப் போடப்பட்டது. கடைசியில் கனடாவுக்குப் போனவர், பியூமான்ட் எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை. 1880-ல் அவர் இறந்தபோது, டாக்டர்கள் உடலைக் கேட்டு வருவார்கள் என்று பயந்த குடும்பத்தார் உடல் அழுகும்வரை வைத்திருந்து, வழக்கத்தைவிட ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்தார்கள். மருத்துவப் புத்தகங்களில் இரைப்பை உடலியலின் தந்தை என்ற பட்டம் பியூமான்டுக்குத்தான். வயிறு யாருடையது என்பது அடிக்குறிப்பில் கிடக்கிறது.

நம் தண்ணீர் இதற்குள் சிறுகுடலுக்கு வந்திருக்கும். அங்கே அது தனியாக இல்லை. ஒரு நாளில் நாம் சாப்பாட்டிலும் குடிப்பதிலுமாக ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீரை உள்ளே அனுப்புகிறோம். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே இன்னும் ஆறேழு லிட்டரைக் குடலுக்குள் ஊற்றுகிறது. மொத்தம் எட்டு ஒன்பது லிட்டர். காலையில் மலத்தோடு வெளியே போவது 100, 200 மில்லிதான். மிச்சமெல்லாம் குடல் சுவர் வழியாகத் திரும்ப ரத்தத்துக்கு வந்துவிடுகிறது. பள்ளிப் புத்தகங்களில் குடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று படித்திருப்பீர்கள். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்து பார்த்துச் சொன்னது, செரிமானப் பாதை முழுவதையும் சேர்த்துச் சுமார் 32 சதுர மீட்டர். மைதானம் போச்சு. ஆனாலும் ஒரு நல்ல பெரிய ஹால் அளவு இருக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தண்ணீரை நேரடியாக இழுக்கும் பம்ப் எதுவும் உடம்பில் கிடையாது. உப்பு எங்கே போகிறதோ, தண்ணீர் அதன் பின்னால் போகும். குடல் சுவரில் உப்பின் சோடியத்தை உள்ளே விடும் புரத வாசல்கள் சில உண்டு. அவற்றில் ஒன்றுக்கு ஒரு நிபந்தனை: சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். இரண்டும் உள்ளே போனதும் தண்ணீரும் கூடவே போகும். இந்த ஜோடி விவரத்தை 1960-ல் பிராகா நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி முன்வைத்தார். காலரா விஷம் குடலைக் கெடுத்து ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேல் நீரை வெளியே கொட்ட வைத்தாலும், இந்த ஒரு வாசலைத் தொடுவதில்லை. குடல் முழுக்க வெள்ளமாக இருக்கும்போதும் சர்க்கரையும் உப்பும் கலந்து கொடுத்தால் தண்ணீர் உள்ளே போகும். இதை வைத்து டாக்காவிலும் கல்கத்தாவிலும் அறுபதுகளின் கடைசியில் ஆராய்ச்சி வார்டுகளில் சோதித்துப் பார்த்தார்கள்.

ஆராய்ச்சி வார்டுக்கு வெளியே சோதித்தது 1971-ல். வங்கதேசப் போரில் எல்லை தாண்டி வந்த அகதிகள் லட்சக்கணக்கில் மேற்கு வங்கத்தில் குவிந்திருந்தார்கள். எல்லையோர ஊரான பான்காவ் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகள் தரையில் வரிசையாகக் கிடந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மகாலனபிஸ் குழுவினர் கல்கத்தாவில் குளுக்கோஸ், சமையல் உப்பு, சமையல் சோடா மூன்றையும் எடை போட்டு பாலித்தீன் பைகளில் அடைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி அனுப்பினார்கள். ஒரு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா. குழாய் வைத்த டிரம்மில் கரைத்து வைத்துவிட்டு, நோயாளியின் சொந்தக்காரர்களையே டம்ளரில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். தாய், அக்கா, புருஷன் யார் இருந்தார்களோ அவர்கள்தான் நர்ஸ். நூற்றுக்கு முப்பது பேர்வரை இறந்துகொண்டிருந்த இடத்தில் அந்த எண்ணிக்கை நான்குக்கும் கீழே இறங்கியது. மகாலனபிஸ் 2022-ல் காலமானார். பத்ம விபூஷண் அடுத்த வருஷம்தான் வந்தது.

அந்தப் பை இன்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கிடைக்கும் ஓஆர்எஸ் பாக்கெட். அளவுகளைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள், கொள்கை அதேதான். ஆனால் அதைக் கலக்கும் விதத்தைப் பார்த்தால் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து ஒரு டம்ளரில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கிவிட்டு, மீதியைச் சுருட்டி அலமாரியில் வைக்கிற வீடுகள் ஏராளம். பாக்கெட்டில் ஒரு லிட்டர் என்று போட்டிருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். 200 மில்லி என்றால் 200 மில்லி. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கொட்டிவிட வேண்டும். அளவைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ருசிக்காக இன்னும் ஒரு கரண்டி சர்க்கரை போட்டால் அந்தச் சர்க்கரையே குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டிவிடும். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் சிலவற்றின் மேல் ஓஆர்எஸ் என்ற எழுத்து இருந்ததை, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடுத்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தை மருத்துவர் பல வருஷம் தனியாகப் போராடியதன் விளைவு அது. பாக்கெட் கைக்கு வரும்வரை உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணி நல்லது. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் குளுக்கோஸாக உடைந்து அதே வாசலைத் திறக்கும். “பேதி போற பிள்ளைக்குத் தண்ணி குடுக்காதே, இன்னும் போகும்” என்று இன்னமும் சொல்லும் அப்பத்தாக்களிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.

கல்லீரலையும் இதயத்தையும் இந்த முறை வேகமாகத் தாண்டிவிடுகிறேன். இரண்டுக்கும் தனித்தனி இதழே போடலாம்.

நுரையீரலில் 30 கோடியிலிருந்து 50 கோடி வரை காற்று நுண்ணறைகள். ஒவ்வொன்றையும் சுற்றி மயிரிழையைவிட மெல்லிய ரத்த நாளங்கள். இந்த நாளங்களை முதன்முதலில் கண்ணால் பார்த்தவர் இத்தாலியின் மார்செல்லோ மல்பீகி. 1661-ல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ரத்தம் சுற்றி வருகிறது என்று வில்லியம் ஹார்வி 1628-லேயே சொல்லிவிட்டாலும், தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படித் தாண்டுகிறது என்பதை அவரால் பார்க்க முடியவில்லை. அந்த இடைவெளியை மல்பீகி அடைத்தார். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் உள்ள சுவர் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஓய்வாக இருக்கும்போது ரத்தம் இந்த நுண்நாளத்தில் இருப்பது முக்கால் விநாடி. அதற்குள் கரியமில வாயுவைக் கொடுத்துவிட்டுப் பிராணவாயுவை வாங்கிக்கொள்கிறது.

நம் தண்ணீரின் ஒரு பங்கு இங்கேயே விடைபெற்றுவிடும். ஒரு நாளில் 300, 400 மில்லி நீர் மூச்சோடு ஆவியாகப் போகிறது. கொடைக்கானலில் காலையில் வாயைத் திறந்தால் புகை வருகிறதே, அது நீங்கள் குடித்த தண்ணீர்தான்.

நுண்ணறைகளின் உட்புறத்திலும் மெல்லிய நீர்ப் படலம் உண்டு. அதனால் ஒரு தொல்லை இருக்கிறது. நீர்ப்பரப்பு எப்போதும் சுருங்கப் பார்க்கும். சும்மா விட்டால் ஒவ்வொரு மூச்சு வெளியே போகும்போதும் நுண்ணறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க நுரையீரல் செல்களே சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான பொருளைச் சுரக்கின்றன. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையிடம் இது போதுமான அளவு இருக்காது. குழந்தை முக்கி முனகி, நெஞ்சு குழி விழ மூச்சு வாங்கும். இந்தக் குழந்தைகள் இறப்பதற்குக் காரணம் சர்ஃபாக்டன்ட் பற்றாக்குறைதான் என்று 1959-ல் காட்டியவர் அமெரிக்க டாக்டர் மேரி எலன் ஏவெரி. அப்போது காரணம் தெரிந்ததே தவிர வைத்தியம் இல்லை. 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக், 39 மணி நேரத்தில் இதே நோயில் இறந்தான். உலகத்தின் எந்த வசதியும் அவனுக்கு மறுக்கப்பட்டிருக்காது. கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

திருப்பம் நியூசிலாந்தில் ஆட்டுக்குட்டிகளால் வந்தது. பிரசவம் எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த கிரகாம் லிகின்ஸ், கருவில் இருந்த ஆட்டுக்குட்டிகளுக்கு ஸ்டீராய்டு செலுத்திப் பார்த்தார். மிகவும் முன்னதாகப் பிறந்து இறந்திருக்க வேண்டிய ஒரு குட்டி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. நுரையீரல் முன்கூட்டியே பக்குவப்பட்டிருந்தது. லிகின்ஸும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்த ஹோவியும் தாய்மார்களுக்குக் கொடுத்துப் பார்த்து அதை 1972-ல் உறுதிசெய்தார்கள். நம் ஊர் பிரசவ வார்டில் “குழந்தைக்கு நுரையீரல் வளர்ச்சிக்கு ஊசி போட்டிருக்கு” என்று சொல்வார்களே, அந்த ஊசி இதுதான். போட்டுக்கொண்ட அம்மாக்கள் இதைப் படிப்பவர்களிலேயே எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

இப்போது சிறுநீரகம். இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, முஷ்டி அளவே உள்ள இந்த இரண்டு உறுப்புகளுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் அளவில் நெஃப்ரான்கள் என்ற நுண் வடிகட்டிகள். அவை ஒரு நாளில் வடிகட்டும் நீர் 180 லிட்டர். நம் ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா மூன்று லிட்டர்தான். அதாவது மொத்தப் பிளாஸ்மாவும் தினமும் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது. வெளியே வரும் சிறுநீரோ ஒன்றரை லிட்டர்.

வேண்டாததை மட்டும் தேடிப் பொறுக்கி எறிவதுதான் சிறுநீரகத்தின் வேலை என்று நினைத்தால் இந்தக் கணக்கு புரியாது. அது செய்வது போகிக்கு முதல் நாள் வீட்டைக் காலி செய்கிற மாதிரி. பரண்மேல் இருப்பது உட்பட எல்லாவற்றையும் வாசலில் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துப் போவோம். எடுக்காதது தானாகக் குப்பைக்குப் போகும். சிறுநீரகமும் ரத்த அணுக்கள், புரதம் போன்ற பெரிய உருப்படிகளைத் தவிர எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட்டு, குளுக்கோஸ், அமினோ அமிலங்கள், உப்புகள், 99 சதவீதத் தண்ணீர் ஆகியவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. இதில் ஒரு பெரிய சாமர்த்தியம் இருக்கிறது. நேற்றுக் கண்டுபிடித்த ஒரு மருந்தோ, முன்பின் தெரியாத ஒரு வேதிப்பொருளோ ரத்தத்தில் வந்தாலும், அது என்னவென்று சிறுநீரகம் தெரிந்துவைத்திருக்க வேண்டியதில்லை. திரும்ப எடுக்கும் பட்டியலில் இல்லையென்றால் பெரும்பாலும் போய்விடும்.

குளுக்கோஸ் விஷயத்துக்கு வருவோம். தினமும் 180 கிராம் குளுக்கோஸ் இப்படி வடிகட்டப்படுகிறது. நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவர்களுக்கு அது முழுக்க ரத்தத்துக்குத் திரும்பிவிடும். திரும்ப எடுப்பது எது தெரியுமா? குடலில் பார்த்தோமே, சோடியமும் குளுக்கோஸும் ஜோடியாக வந்தால் திறக்கும் வாசல், அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு வாசல். ரத்தச் சர்க்கரை 180-ஐத் தாண்டினால் அதனால் சமாளிக்க முடியாமல் மிச்சம் சிறுநீரில் வழிகிறது. அந்தக் காலத்தில் மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை வியாதி என்று கண்டுபிடித்தார்களே, அந்த வழிசல்தான்.

1835-ல் வேதியியலாளர்கள் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அதைச் சாப்பிட்டால் சிறுநீரில் சர்க்கரை போகிறது என்பது பின்னால் தெரிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அது ஆய்வுக்கூட வேடிக்கையாகவே கிடந்தது. அந்தச் சிறுநீரக வாசல் பிறவியிலேயே வேலை செய்யாத சிலர், சிறுநீரில் தினமும் சர்க்கரை போயும் பெரிய கோளாறில்லாமல் வாழ்வதைப் பார்த்த பிறகு, அந்த வாசலை வேண்டுமென்றே அடைத்தால் என்ன என்ற யோசனைக்குத் தைரியம் வந்தது. அப்படிப் பிறந்தவைதான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகள். உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் பெயரின் வால் ‘ஃப்ளோசின்’ என்று முடியும் ஒன்று இருக்கலாம். சர்க்கரைக்கு என்று வந்தவை, இதயத்தையும் சிறுநீரகத்தையும்கூடக் காப்பாற்றுகின்றன என்று 2019-லும் 2020-லும் வந்த பெரிய ஆய்வுகள் காட்டின. காப்புரிமை முடிந்ததும் நம் நாட்டில் விலையும் இறங்கியது. பான்காவில் குடலின் வாசலைத் திறந்து உயிர் காத்தார்கள். இங்கே சிறுநீரகத்தில் அதன் உறவுக்கார வாசலை அடைத்து உயிர் காக்கிறார்கள். எனக்கு இதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொன்னால் எங்கள் உதவி ஆசிரியர் சிரிப்பார்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாத்திரையைச் சாப்பிடுகிறவர்களுக்கு வாந்தி, பேதி வந்தாலோ, ஆபரேஷனுக்காகப் பட்டினி இருக்க நேர்ந்தாலோ, உடனே டாக்டரைக் கேளுங்கள். பொதுவாக அந்த நாட்களில் நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிறார் என்று நீங்களாக ஆரம்பிப்பதும் வேண்டாம்.

மூன்று பாடங்களும் ஒரே கட்டிலில் படுத்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால், கடுமையாகப் பேதி போன கைக்குழந்தையைப் பார்த்தால் போதும். கண் குழி விழுந்திருக்கும். உச்சிக்குழி உள்ளே போயிருக்கும். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்று மெதுவாக இறங்கும். காலையிலிருந்து ஜட்டி நனையவில்லை என்று அம்மா சொல்வாள். கூடவே குழந்தை ஆழமாகவும் வேகமாகவும் மூச்சுவிடும். “சளி இல்லை, இருமல் இல்லை, ஏன் இப்படி இரைக்குது?” என்று குழம்புவார்கள். பேதியில் தண்ணீரோடு பைகார்பனேட் என்ற காரப் பொருளும் போய்விடுவதால் ரத்தத்தில் அமிலம் கூடிவிட்டது. ரத்தத்தின் அமில-கார அளவான pH 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நின்றாக வேண்டும். அமிலத்தை வெளியேற்ற இரண்டு வழிகள்தான்: கரியமில வாயுவாக மூச்சில், அல்லது சிறுநீரில். சிறுநீரகத்துக்கு நிதானம் அதிகம். சரிக்கட்ட நாட்கணக்கில் ஆகும். அதிலும் தண்ணீரே இல்லாமல் அது முடங்கிக் கிடக்கிறது. நுரையீரல் சில நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கிவிடும். நோய் குடலில்; அதன் கடனை நுரையீரல் அடைக்கிறது. இந்த மூச்சைப் பார்த்தால் வீட்டில் நேரம் கடத்தாமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தை குடிக்கிற நிலையில் இருந்தால் வழியெல்லாம் ஓஆர்எஸ்ஸை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்துக்கொண்டே போங்கள்.

சரி, குடித்தது எப்போது சிறுநீராக வரும்? ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து அரை மணி நேரத்தில் பாத்ரூம் போக வேண்டியிருக்கிறதே என்பீர்கள். குடித்த தண்ணீர் ரத்தத்தைக் கொஞ்சம் நீர்க்கச் செய்ததும் மூளை அதைக் கண்டுபிடித்து, தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் ஹார்மோனைக் குறைத்துவிடுகிறது. உடனே சிறுநீரகம் தாராளமாகத் திறந்துவிடுகிறது. ஆனால் அப்போது போவது பெரும்பாலும் பழைய தண்ணீர். உடம்பில் 35, 40 லிட்டர் நீர் இருக்கிறது. தினமும் அதில் ஒரு சிறு பங்குதான் மாறுகிறது. இப்போது குடித்தது அந்தக் கடலில் கலந்துவிட்டது. அதில் பாதி வெளியேற ஒரு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். இன்று காலைச் சிறுநீரில் போன வாரம் அத்தை வீட்டில் குடித்த மோரும் இருக்கிறது.

சிறுநீர்ப்பை பற்றி உடலியல் ரீதியாகச் சொல்ல அதிகம் இல்லை. சிறுநீர்க்குழாய்கள் பிசைந்து பிசைந்து தள்ளும் நீரைச் சேர்த்து வைக்கிறது. 400, 500 மில்லி பிடிக்கும். அதில் பாதி நிறையும்போதே சொல்ல ஆரம்பிக்கும். அது சொன்ன பிறகு போக இடம் இருக்கிறதா என்பதுதான் இந்தப் பயணத்தில் மிச்சமிருக்கும் கேள்வி, அதற்கு உடம்பால் பதில் சொல்ல முடியாது. பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் வழி நாலு சென்டிமீட்டர்தான். கிருமி ஏறுவது சுலபம். அடக்கி வைப்பதும், அடக்க வேண்டியிருக்குமே என்று தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் அதை இன்னும் சுலபமாக்குகின்றன. ஜவுளிக்கடைப் பெண்கள், பந்தோபஸ்துக்கு நிற்கும் பெண் போலீஸ், பஸ்ஸில் தொலைதூரம் போகிறவர்கள் என்று எத்தனை பேர் காலையில் காபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்! தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளர்களிடையே சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆய்வாளர்கள் நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, கொளுத்தும் வெயிலையும் கழிப்பறை இல்லாமையையும் சிலருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் சேர்த்தே பதிவு செய்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் தண்ணீர் குடிக்க மணி அடிக்கும் வழக்கம் 2019-ல் கேரளத்தில் பரவலாகி, 2025-ல் நம் ஊருக்கும் வந்தது. நல்ல ஏற்பாடு, பாராட்ட வேண்டும். ஆனால் மணி அடித்ததும் குடிக்கிற பிள்ளைகள் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் கழிப்பறைக்கு ஓட வேண்டும். அங்கே கதவில் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், வாளியில் தண்ணீர் இருக்க வேண்டும், வகுப்பு நடக்கும்போது எழுந்து போக டீச்சர் முறைக்காமல் விட வேண்டும். எனக்கு வரும் மாணவிகளின் கடிதங்களில் இந்த மூன்றில் ஏதாவது ஒன்று இல்லை என்ற குறை திரும்பத் திரும்ப வருகிறது.

அடுத்த இதழிலிருந்து இதற்கென்று இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். உங்கள் பள்ளியில், வேலையிடத்தில், பஸ் நிலையத்தில் கழிப்பறை எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், சாவி யாரிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். நன்றாக இருந்தால் அதையும் எழுதுங்கள். யார் தினமும் கழுவுகிறார், அவருக்கு எவ்வளவு சம்பளம் என்பதையும் கேட்டுச் சேர்த்து எழுதுங்கள். ஊர்ப் பெயர் போடுவோம், உங்கள் பெயர் வேண்டாமென்றால் போட மாட்டோம். போஸ்ட் கார்டு போதும்.

அன்புடன்,
ஆசிரியர்